பிடரியில் இருந்த கோடுகள்

1

இந்தக் கதை ஒரு கெட்ட எண்ணத்திலிருந்து வந்தது. எண்ணம் என்னுடையது.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வரும் கொமுட்டர் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் நின்றுகொண்டிருந்தாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். பிடரியிலிருந்து சட்டைக்குள் இறங்கும் கோடுகள் தெரிந்தன. பட்டையான சிவப்பு, ஓரத்தில் ஊதா. பார்த்ததும் அவளுக்கு ஒரு கணவனைக் கொடுத்தேன். கழுத்தில் தாலி தெரியவில்லை. அதனால் சுபாங் வருவதற்குள் அவனை எடுத்துவிட்டு ஓர் அப்பாவைக் கொடுத்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

அந்த வாரமே, செராஸில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், பக்கத்து அறை சுவீ லிங் கையில்லாத பனியனோடு சமையலறைக்கு வந்தாள். அவள் பிடரியிலும் அதே கோடுகள். "குவா ஷா போட்டியா? ஃபுளூவா?" என்று கேட்டேன். காய்ச்சலுக்குச் சீனர்கள் முதுகைச் சுரண்டிவிடும் வைத்தியம் அது. வாய் தானாகக் கேட்டது.

சீனக் கழுத்தில் பார்த்தால் வைத்தியம். தமிழ்க் கழுத்தில் பார்த்தால் அடி.

நானும் தமிழ்தான். நுண்ணுயிரியல் படித்தவள். ஒன்றுபோல இருக்கும் இரண்டு மாதிரிகளுக்கு இரண்டு முடிவு எழுதக் கூடாது என்று எனக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள்.

வெட்கப்பட்டவள் அந்த எண்ணத்தை விட்டுத் தொலைத்திருக்க வேண்டும். நான் அதை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கங்கள்.

"மூலிகை வாசம் வீதிவரை வந்து கையைப் பிடித்து இழுக்கும் அந்தச் சின்சேயின் சீன மருந்துக் கடையில்—"

வேண்டாம். வாசம் யாருடைய கையையும் பிடிப்பதில்லை.

"சீன மருத்துவத்தின்படி சளிக்காய்ச்சல் காற்றோடு உள்ளே வருகிறது. அது குளிர்க்காற்றாக இருக்கலாம், சூட்டுக்காற்றாக இருக்கலாம். குளிர் என்றால் உடம்பு நடுங்கும், வேர்க்காது, மூக்கு தண்ணீராக ஒழுகும், பிடரி இறுகும். சூடு என்றால் தொண்டை எரியும், சளி மஞ்சளாகும். குளிருக்கு இஞ்சியும் பட்டைக் குச்சியும் கொடுத்து வேர்க்கவைப்பார்கள். சூட்டுக்குச் சாமந்திப் பூ போன்றவற்றைக் கொடுத்துத் தணிப்பார்கள். ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால்—"

இது கட்டுரை. என் படிப்பு என்னை எப்போதும் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்தும். [அழிக்கவில்லை. பிறகு உதவும்.]

"வெள்ளிக்கிழமை புனிதாவுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம்."

இது போதும்.

3

புனிதா கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அம்மா சீதாலெட்சுமி. அப்பா திருச்செல்வம்.

அப்பாவிடம்தான் எனக்குச் சிக்கல்.

முதல் வரைவில் அவர் லோரி ஓட்டினார், குடித்தார். அப்படி ஓர் அப்பாவை எழுதுவது சுலபம். ஒரு போத்தலைக் காட்டினால் மீதியை நீங்களே எழுதிக்கொள்வீர்கள். ரயிலில் அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த அப்பாவும் அவர்தான் என்று தெரிந்தபோது அந்தப் பக்கங்களை நீக்கினேன்.

இரண்டாவது வரைவில் திருச்செல்வம் குடிப்பதில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். சீன முதலாளிகளோடு பழகிப் பழகி ஹொக்கியன் சரளமாகப் பேசுவார். கோயில் கமிட்டியில் இருக்கிறார். அன்னதானத்துக்கு நிற்கும் வரிசையில் யாரையும் அதட்டாமல் பேசி ஒழுங்குபடுத்துகிறவர். "தங்கமான மனுஷன்லா" என்று தாமானில் சொல்வார்கள்.

அவர் புனிதாவை ரோத்தானால் அடித்து வளர்த்தார்.*

கணக்கில் மதிப்பெண் குறைந்தால். போனில் பேசினால். எதிர்த்து ஒரு வார்த்தை வந்தால். நிதானமாக, கதவைச் சாத்திவிட்டு, முதுகிலும் பிடரியிலும். பள்ளியில் டீச்சர் ஒருமுறை சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்து, அம்மாவை வரச்சொல்லிக் கேட்டார். "சைக்கிள்லேருந்து விழுந்துட்டா டீச்சர்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். டீச்சரும் சிரித்தார். புனிதா கல்லூரிக்குப் போனதும் அடி நின்றது. ஏன் நின்றது என்று வீட்டில் யாரும் பேசவில்லை. ஏன் இருந்தது என்றும் பேசியதில்லை.

* சன்னமான பிரம்பு. இந்த நாட்டில் மளிகைக் கடையில் விளக்குமாற்றோடு சேர்த்துத் தொங்கும். "நாங்களும் வாங்கினோம், நல்லாத்தானே இருக்கோம்" என்று உங்களில் சிலர் இப்போது சொல்வீர்கள். குறிப்பை இத்தோடு நிறுத்துகிறேன்.

4

"கிளினிக் மருந்து வேலைக்கு ஆவாது" என்றார் திருச்செல்வம். "தூங்கித் தூங்கி விழுவே. ஞாயித்துக்கெழமை மாப்ள வீட்டுக்காரங்க முன்னாடி மூக்கச் சிந்திக்கிட்டா நிப்பே? கெளம்பு, சின்சேகிட்ட போலாம்."

சின்சேக்கு ஐம்பது வயதிருக்கும். பேட்மிண்டன் ஜெர்சி போட்டிருந்தாள். ஒரு கையில் போன், அதில் யாரோ மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். மறு கையால் புனிதாவின் நாடியைப் பிடித்தாள்.

"லிடா" என்றாள் மலாயில். புனிதா நாக்கை நீட்டினாள்.

"தாக்குட் செஜுக்கா, தாக்குட் பானாஸ்?"

குளிருக்குப் பயமா, சூட்டுக்குப் பயமா. புனிதாவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கிளினிக்கில் யாரும் அவளிடம் எதற்குப் பயம் என்று கேட்டதில்லை.

"செஜுக்" என்றாள். பல் தந்தியடித்தது.

திருச்செல்வம் வாசல் பக்கம் இருந்த கசப்புத் தேநீர் ஜாடியைக் காட்டி ஹொக்கியனில் என்னவோ கேட்டார். சின்சே அவர் கையைத் தட்டிவிட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

"என்னப்பா?"

"அந்தத் தண்ணி சூட்டுக்காம். ஒனக்கு ஏறியிருக்கிறது குளிராம். இத ஊத்துனா நிச்சயதார்த்தத்த ஆஸ்பத்திரியில வெச்சுக்கலாமாம்." அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். தமிழில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

[அந்த ஜாடியில் இருப்பது பெரும்பாலும் நிலவேம்பு. தமிழ்நாட்டில் கஷாயமாகக் கொடுக்கிற அதே செடி. சீன மருத்துவத்தில் அது சூட்டுக் காய்ச்சலுக்குப் போகிறது. இதைக் கதைக்குள் எங்காவது வைக்க ஆசைப்பட்டேன். இடம் கிடைக்கவில்லை.]

"அங்கின் பாஞ்ஞாக்" என்றாள் சின்சே, புனிதாவின் பிடரியை அழுத்திப் பார்த்து. காற்று நிறைய இருக்கிறது. குவா ஷா போட வேண்டும். பிறகு இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்து, போர்த்திப் படுத்து வேர்க்க வேண்டும். விசிறி கூடாது. ஐஸ் கூடாது.

திரைக்குப் பின்னால் புனிதா குப்புறப் படுத்தாள். முதலில் தைலம், பிறகு எருமைக்கொம்பில் செய்த வழவழப்பான சீப்பு போன்ற ஒன்று. சின்சே அதைப் பிடரியிலிருந்து கீழ்நோக்கி இழுத்தாள். மறுபடி அதே இடத்தில். மறுபடி.

"சாக்கிட்?" வலிக்கிறதா.

வலித்தது. "தாக்" என்றாள் புனிதா, இல்லை என்று. அடி வாங்கும்போது சத்தம் வரக் கூடாது என்பது அவளுக்குப் பழகியிருந்தது.

சீப்பு தோலில் ஏறி இறங்கும் சத்தம் கடை முழுவதும் கேட்டது. திரைக்கு அடியில் அப்பாவின் செருப்புகள் தெரிந்தன. கொஞ்ச நேரம் அவை அசையவில்லை. பிறகு திரும்பி, கடையைவிட்டு வெளியே போய், கடை முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையின் ஓரத்தில் நின்றன.

அந்தச் செருப்புகளை இரண்டு முறை நீக்கி இரண்டு முறை திரும்ப எழுதினேன். அவை வெளியே போனால் நீங்கள் அவரை மன்னித்துவிடுவீர்கள் என்று பயம். நானும் மன்னித்துவிடுவேன் என்று பயம். மன்னிக்க வேண்டியது நாம் இல்லை. ஆனால் அவர் அங்கேயே அசையாமல் நின்றிருந்தால் அது பொய். அதனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

[அறிவியல் படித்தவள் என்ற கடமைக்காக: காற்று நுழைகிறது என்பதை நான் நம்பவில்லை. நுழைவது வைரஸ். குவா ஷா தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்களை உடைக்கிறது. கோடு அதனால் வருகிறது, சில நாளில் மறையும். அதனால் காய்ச்சல் குறைகிறதா என்பதற்கு என்னை நம்பவைக்கும் சான்று கிடைக்கவில்லை. சளிக்காய்ச்சல் பெரும்பாலும் தானே போய்விடும். அந்தப் பெருமையைச் சின்சேயும் கிளினிக்கும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.]

அன்றிரவு புனிதாவுக்கு நன்றாக வேர்த்தது. சனிக்கிழமை காய்ச்சல் இல்லை. கோடுகள் மட்டும் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு வந்திருந்தன. நிச்சயதார்த்தப் பிளவுஸின் முதுகு இறக்கமாகத் தைத்திருந்தது. "பின்னலைப் போட்டு மறைச்சிக்கலாம்" என்றாள் அம்மா.

5

[நீக்கப்பட்டது. அஸ்வினும் புனிதாவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் மேசை பகிர்ந்துகொண்ட கதை. எனக்குப் பிடித்த பகுதி, ஆனால் கதைக்குத் தேவை இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: அஸ்வின் திண்டுக்கல்காரன், வேலை விசாவில் கேஎல் வந்தவன். அவன் அம்மா வள்ளியம்மாள் நிச்சயதார்த்தத்துக்காக முதல்முறையாக விமானம் ஏறி வந்திருக்கிறார். குவா ஷா என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. கிள்ளானில் வேறு யாராக இருந்தாலும் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் "யாருகிட்ட போட்டீங்க? நல்லா போட்டிருக்காங்களே" என்று கேட்டிருப்பார்கள்.]

6

ஞாயிறு மாலை. கீழே கூடத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டிலிருந்து சேலையை எடுத்துப் பெண்ணிடம் கொடுத்தாயிற்று. அவள் மாடிக்குப் போய் அதை உடுத்திக்கொண்டு வர வேண்டும். கட்டி முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பூ வைத்து அழைத்து வருவது அவர்கள் வழக்கம். வள்ளியம்மாள் மல்லிகைப் பொட்டலத்தோடு படியேறி வந்தார்.

"பரவால்லையே, கொசுவம் நல்லா வெச்சிருக்கே. இங்க பொண்ணுங்களுக்குச் சேல கட்டத் தெரியாதுன்னு அஸ்வின் பயமுறுத்துனான்."

"யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டேன் ஆன்டி."

"ஆன்டியா? அத்தைன்னு கூப்புடு. ஆன்டின்னா பிளைட்டுல அப்படிக் கூப்புட்டுத் தண்ணி குடுத்த பொண்ணு ஞாபகம் வருது."

புனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமல் வந்தது.

"ஒடம்பு சரியில்லையாமே? இருமுறப்ப நெஞ்சப் புடிச்சுக்க. ம், அந்தப் பக்கம் திரும்பு."

வள்ளியம்மாள் பின்னலைத் தூக்கினார். ஹேர்பின் வாயில் இருந்தது. அதை எடுக்கவில்லை. பின்னலை மெல்ல இறக்கினார். மறுபடி தூக்கினார். பிளவுஸின் விளிம்பை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாரும்மா அடிச்சா?"

புனிதாவிடம் பதில் இருந்தது. அது குவா ஷா அத்தை, காய்ச்சலுக்குப் போடுறது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"அப்பாவா?" என்றார் வள்ளியம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. அதில் ஆர்வம் இல்லை, அதட்டல் இல்லை. "பயப்படாத. அத்தை கேக்குறேன், சொல்லு. அப்பாவா?"

அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. டீச்சர் கேட்டது அம்மாவை. பெரியம்மா பார்த்துவிட்டு மஞ்சள் தடவினாள், கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவள் பள்ளிக்கூடத்து மேசையிலும் பேருந்திலும் போர்வைக்குள்ளும் எத்தனையோ விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேள்வி இப்போதுதான் வந்தது. அதுவும் அவர் அடிக்காத கோடுகளைப் பார்த்து.

புனிதா தலையை ஆட்டினாள். ஆமாம்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன். அவள் பொய் சொன்னாளா? சொல்லவில்லை. உண்மை சொன்னாளா? அதுவும்—

7

"புனிதா, என்னா இவ்ளோ நேரம்? கீழ எல்லாரும்..." கதவைத் திறந்த சீதாலெட்சுமி இருவர் முகத்தையும் பார்த்து நின்றாள்.

"உள்ள வாங்க. கதவச் சாத்துங்க" என்றார் வள்ளியம்மாள். "பிள்ளை முதுகப் பாத்தேன்."

"ஐயோ, அதுவா!" சீதாலெட்சுமிக்கு மூச்சு வந்தது. "அது குவா ஷாக்கா! சின்சே கடையில போட்டது. காய்ச்சல் வந்துச்சில்ல, அதான் காத்த எடுக்குறதுக்கு..."

"என்ன ஷா?"

"குவா ஷா. கொம்பு மாதிரி ஒண்ணு வெச்சு முதுகத் தேய்ப்பாங்க, செவந்துரும். நம்ம எல்லாருமே போடுவோம். நானே போட்டிருக்கேன்."

"காய்ச்சலுக்கு முதுகச் சொரண்டுவாங்களா?" வள்ளியம்மாள் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ஏங்க, நான் பட்டிக்காடுதான். பைத்தியக்காரி இல்ல."

"சத்தியமாக்கா. வேணும்னா தம்பியைக் கேளுங்க. அஸ்வினுக்குத் தெரியும்."

"நான் எதுக்கு அவனக் கேக்கணும்? அப்பாவான்னு கேட்டேன், பொண்ணே ஆமான்னு தலைய ஆட்டிட்டா."

சீதாலெட்சுமி மகள் பக்கம் திரும்பினாள். "என்னா சொன்னே?"

புனிதா மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா பேசும்போது அவள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதே சிரிப்பு, அதே வேகம், வாக்கியத்தின் கடைசியில் அதே ஏற்றம். சைக்கிளிலிருந்து விழுந்துட்டா டீச்சர். அம்மா இன்றைக்குத்தான் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறாள். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

"வாயத் தொற புனிதா. சொல்லு. குவா ஷான்னு சொல்லு. அப்பா பேரு கெட்டுப் போவுது, சும்மா ஒக்காந்திருக்கே!"

சொல்ல ஒரு நொடி ஆகும். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். சொன்னால், ஒருவர் கேட்டு அவள் கொடுத்த ஒரே பதிலையும் தானே திருப்பி எடுத்துக்கொண்டதாகிவிடும்.

படியில் காலடிச் சத்தம். "என்னா லேட்டு? நல்ல நேரம் முடியப் போவுதுலா" என்று சொல்லிக்கொண்டே திருச்செல்வம் உள்ளே வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம்.

"வாங்க" என்றார் வள்ளியம்மாள். "சம்பந்தின்னு கூப்புடத்தான் வந்தேன். இப்ப வாய் வரல. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளைய இப்படியா அடிப்பீங்க?"

திருச்செல்வத்துக்குப் புரியவில்லை. வள்ளியம்மாள் கை காட்டிய இடத்தைப் பார்த்தார். பின்னல் ஒதுங்கியிருந்தது. பார்த்ததும் அவர் முகம் தளர்ந்து சிரிப்பு வந்தது. சின்சே கடையில் வந்த அதே சிரிப்பு. "அட, இதுவா! இது வந்து..."

அப்போது மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனியவில்லை.

"சொல்லுங்களேன்!" என்றாள் சீதாலெட்சுமி. "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க! இவ பாட்டுக்கு நீங்க அடிச்சதா தலைய ஆட்டி வெச்சிருக்கா!"

சிரிப்பு அவர் முகத்திலிருந்து உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

8

முடிவுகள்.

முதலாவது. திருச்செல்வம் அஸ்வினை மாடிக்குக் கூப்பிடுகிறார். அஸ்வின் பார்த்துவிட்டு, "அம்மா, இது குவா ஷாம்மா, போன மாசம் எனக்கே போட்டாங்க" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். வள்ளியம்மாள் அசடு வழிகிறார். சிரிப்பு படியிறங்கிக் கூடத்துக்குப் போய் எல்லார் வாயிலும் ஏறுகிறது. கல்யாணத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். புனிதாவும் சிரிக்கிறாள். பதற்றத்தில் என்னவோ தலையை ஆட்டிவிட்டேன் அத்தை என்கிறாள். நிஜத்தில் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். இந்த முடிவில் அந்த வீட்டில் ரோத்தான் இருந்ததே இல்லை.

இரண்டாவது. திருச்செல்வம் தலையைக் குனிந்து, "ஆமா, நான்தான் அடிச்சேன்" என்கிறார். இதை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதி அழுதேன். மறுநாள் படித்தபோது கூசியது. அவர் செய்யாத ஒன்றை ஒப்புக்கொள்கிறார், செய்ததை அப்படியே வைத்துக்கொள்கிறார், நமக்கோ அவர் காலில் விழலாம்போல இருக்கிறது. அடி வாங்கியவள் ஓரமாக நிற்கிறாள். நல்ல முடிவு என்று யாராவது பாராட்டியிருப்பார்கள். அதனாலேயே நீக்கினேன்.

மூன்றாவது. புனிதா எழுந்து நின்று, "இது குவா ஷா. அப்பா அடிச்சது வேற, இதுக்கு முன்னாடி, பல வருஷம்" என்று—

முடிக்க முடியவில்லை. வாக்கியத்தில் தப்பு இல்லை. சரியான வாக்கியம். தெளிவாக இருக்கிறது, நாடகம் இல்லை, இரண்டு உண்மையும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நான் அறையில் தனியாக உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு, பலமுறை திருத்தி எழுதிய வாக்கியம். அதை அவள் வாயில் வைத்து, கீழே ஐம்பது பேர் காத்திருக்க, அம்மா அழ, இப்போதே சொல் என்று அவளை நிற்கவைப்பது யார்? நான். அவளுடைய அம்மா "சொல்லு" என்பதற்கும் நான் சொல்லவைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. கணினியை மூடிவிட்டேன்.

[ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை.]

9

திரும்ப வந்து பார்த்தபோது வள்ளியம்மாளை நான் குறைவாக எடைபோட்டிருந்தது தெரிந்தது. வெளியூர்க்காரர், விஷயம் தெரியாதவர், கதைக்கு ஒரு தவறு வேண்டும் என்பதற்காகப் படியேற்றி அழைத்துவந்தேன். அவரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாளின் பதைப்பைப் பார்த்தார். சம்பந்தியின் முகத்தில் முதலில் வந்த சிரிப்பையும் பார்த்தார். அடித்தவனுக்கு அப்படிச் சிரிப்பு வராது. அதே மனிதர் மகளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டதையும் பார்த்தார்.

அவர் மெத்தையில் புனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லிகைச் சரத்தை மடியில் வைத்தார்.

"சரிம்மா. உங்க அம்மா சொல்ற ஏதோ ஒரு ஷாவாவே இருக்கட்டும். எனக்குத் தெரியாது, உங்க ஊரு வைத்தியம். நான் நம்புறேன்." சீதாலெட்சுமி அப்பாடா என்று கையெடுத்துக் கும்பிடப் போனாள். வள்ளியம்மாள் அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். "அப்ப நான் அப்பாவான்னு கேட்டதுக்கு நீ எதுக்குத் தலைய ஆட்டுனே?"

கீழே யாரோ நாதஸ்வர ஒலிப்பதிவைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, மறுபடி கூட்டினார்கள்.

"புள்ள பயந்துபோயி..." என்று தொடங்கினாள் சீதாலெட்சுமி.

"நீங்க இருங்க. அவளக் கேக்குறேன்."

புனிதா அப்பாவைப் பார்த்தாள். பட்டு வேட்டியின் ஓரம் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கதவுப் பக்கம் போகவும் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது.

"சொல்லு" என்றார் திருச்செல்வம்.

அவ்வளவுதான் சொன்னார். எந்தக் குரலில் சொன்னார் என்பதை எழுத முயன்றேன். அதட்டலாக எழுதினேன். கெஞ்சலாக எழுதினேன். சொல்லிவிடும்மா, என்னைப் பார்க்காதே, இருந்ததை இருந்தபடி சொல்லிவிடு என்று ஓர் அப்பா மகளுக்கு வழிவிடுவதுபோல எழுதினேன். மூன்றிலும் சொல் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் புனிதாவின் பதில் வேறு. எனக்குத் தெரிந்த குரலில் எழுதினால் அவள் வாயில் என் பதில்தான் வரும். ஏற்கெனவே அவளுக்கு ஓர் அப்பாவைக் கொடுத்தேன், கோடுகளைக் கொடுத்தேன். பதிலையும் நானே கொடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டோ திறந்துவைத்தோ, யாரோ உங்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்கள். அந்தக் குரலில் படியுங்கள். அவள் வாயைத் திறக்கிறாள்.